பின்னால் போகும் பாஸ்

பந்தைப் பின்னால் தட்டிவிடுகிறான் என்பதுதான் அந்தப் பையன் மேல் இப்போது எல்லோருக்கும் புகார். டக்காரிலிருந்து பிரான்ஸுக்கு வந்து இது இரண்டாவது சீசன். சென்டர் பேக்கிடமிருந்து பந்து வருகிறது, எதிரணிக்காரன் முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்கிறான், பையன் ஒரே தொடுகையில் வந்த வழிக்கே திருப்பி அனுப்புகிறான். அரங்கில் உடனே முணுமுணுப்பு: பயப்படுகிறான், புது ஊர் இன்னும் ஒத்துவரவில்லை. டிவி வர்ணனையில் பரிவு வேறு. மொழி புரியாமல் தவிக்கிறானாம்! செனகலில் பள்ளிக்கூடமே பிரெஞ்சில்தான் நடக்கிறது என்று யாராவது அவர்களுக்குச் சொன்னால் தேவலை.

அடுத்த ஆட்டத்தில் பந்தை விடுங்கள். பந்து வருவதற்கு முந்தைய நொடிகளில் அவன் தலையைப் பாருங்கள். இடத்தோள், வலத்தோள், மறுபடி இடம். நார்வேக்காரர் கெய்ர் யோர்டெட் இந்தத் தலைதிருப்பலைத்தான் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். பந்து வருமுன் அடிக்கடி சுற்றிப் பார்ப்பவர்களின் பாஸ் கூடுதலாகச் சரியான காலில் போய்ச் சேருகிறது என்று கண்டார். நம் பையன் முதுகில் இருப்பவனைப் பார்த்துவிட்டுத்தான் பின்னால் தட்டுகிறான். தட்டிவிட்டு நிற்கிறானா? பந்தைத் துரத்தி அந்த எதிரணிக்காரன் முன்னேறுவான். அவன் காலிசெய்த இடத்துக்குள் பையன் பக்கவாட்டில் நழுவிவிடுகிறான். இரண்டாவது பாஸ் அங்கே வந்தால் எதிரணி நடுக்களமே அவனுக்குப் பின்னால். வருவதில்லை. சென்டர் பேக் தலைகுனிந்து விங் பக்கம் நீளமாக உதைக்கிறார், பந்து வெளியே போகிறது, திட்டு பையனுக்கு.

2020-ல் ஐரோப்பாவின் நான்கு பெரிய லீக்குகளில் 80 ஆட்டங்களின் வர்ணனையை எடுத்து அலசினார்கள். புத்திசாலித்தனத்துக்கான பாராட்டு பெரும்பாலும் வெளிர்நிறத்தவர்களுக்குப் போயிருந்தது. கருப்பு ஆட்டக்காரர்கள் என்றால் வலுவும் வேகமும். எனக்கு அதில் வியப்பே இல்லை. ஆறடி செனகல்காரன் முட்டிமோதி ஓடவேண்டும், யோசிக்கக் கூடாது.

18 வயதுக்கு முன் நாடு மாற ஃபிஃபாவின் 19-ஆம் விதி சில விலக்குகள் தவிர விடாது. (தேவையான விதிதான், சிறுவர்களைக் கூட்டிவந்து நடுத்தெருவில் விட்ட ஏஜென்டுகள் கொஞ்சமா?) அவன் வயதுப் பிரெஞ்சுப் பையன்கள் அகாடமியில் ஒன்றாக வளர்ந்து, ஒருவர் ஓட்டம் மற்றவருக்கு மனப்பாடமான காலத்தில், இவன் மழைக்கால நவெத்தான் போட்டிகளில் மணல்மேல் ஆடிக்கொண்டிருந்தான். மணலில் பந்தை நம்பி ஓட முடியாது. தட்டிவிட்டு இடம் மாறுவதுதான் லாபம். ஆக, அவனுக்குத் தெரிந்த ஆட்டம் கூட இருப்பவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

பிடிபடும். நத்தாருக்குள் அந்த சென்டர் பேக் தலைநிமிர்வார், அல்லது பெஞ்சில் உட்காருவார். முதுகில் ஒட்டினால் ஏமாறுகிறோம் என்று எதிரணிகள் இரண்டடி தள்ளி நிற்கத் தொடங்கும். அன்றைக்குப் பையன் முதல் தொடுகையிலேயே திரும்புவான், அவனுக்குத் திரும்பத் தெரியும் என்று வர்ணனையாளர்கள் கண்டுபிடிப்பார்கள். பயிற்சியாளர் மட்டும் 60-ஆவது நிமிடத்தில் அவனை வெளியே எடுக்கும் பழக்கத்தை விடமாட்டார் என்று தோன்றுகிறது. அப்படியானால் அடுத்த கோடையில் இங்கிலாந்திலிருந்து ஒரு கிளப் பணப்பையோடு வரும். மாற்றுத்தொகையில் 5 சதவீதம் 12 முதல் 23 வயதுவரை அவனைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரியும். டக்காருக்கும் ஒரு பங்கு போய்ச்சேரும். முணுமுணுத்த அரங்கு, ஏன் விற்றீர்கள் என்று நிர்வாகத்தின் சட்டையைப் பிடிக்கும்.