பர்மா: நாம் கண்ட பாதி

கொட்டாம்பட்டிக்குக் கிழக்கே, செட்டிநாட்டு மாளிகைகளில் பர்மாத் தேக்குத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. பர்மியரையோ நாம் அறியோம். வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ 1942இல் ஜப்பானியருக்கு அஞ்சி இரங்கூனை விட்டு நடந்தோரின் துயரைச் சொல்லும் அரிய நூல். ஆயினும் அது வெளியேறுபவரின் பார்வை. குறை ஆசிரியருடையதன்று, அதனோடு நிறுத்திக்கொண்ட நம்முடையது. ‘பராசக்தி’யும் (1952) போர்க்கால இரங்கூனையே காட்டிற்று. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்துக் கதவடைத்தபின், அப்பழைய சித்திரம் அப்படியே உறைந்தது. நாம் இழந்த வயல்களை எண்ணினோம். அவற்றுட் பல, 1930களில் கடனுக்காகப் பர்மிய உழவரிடமிருந்து கைமாறியவை என்பதை எண்ணினோமில்லை. அங்குள்ள நம் விசுவாசச் சகோதரரும் கண்ணில் படவில்லை. 2021 மே மாதம், லொய்க்கோ நகருக்கு அருகே திருஇருதய ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோருள் நால்வர் இராணுவத்தின் எறிகணைக்கு இரையாயினர். நம் பங்குகளில் அவர்களுக்காக எத்தனை மன்றாட்டுகள் எழுந்தன?