நொச்சியும் இம்பால் அரணும்

அரணை முற்றுவோன் செயலையும் காப்போன் செயலையும் தொல்காப்பியர் உழிஞை என்னும் ஒரு திணையுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை ஆசிரியரோ காத்தலை நொச்சி எனத் தனித்திணை ஆக்கினார். அரண்காவல் கூறும் பிறமொழி நூல்களை மதிப்பிடுதற்கும் இவ்வேறுபாடு பயன்படும். 1956-இல் வெளிவந்த, படைத்தலைவர் ஸ்லிம் தம் பர்மாப் போரைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் அவ்வாறு ஆராயற்பாலது.

1944 மார்ச்சில் ஜப்பானியப் படையும், அதனோடு இந்திய தேசிய இராணுவமும் இம்பாலை நோக்கி வந்தன. ஸ்லிம் எல்லையில் நின்ற 17, 20-ஆம் டிவிசன்களைச் சமவெளிக்குப் பின்வாங்குவித்தார். அரக்கானிலிருந்து 5-ஆம் டிவிசனை வானூர்தியில் கொணர்ந்தார். ஜூன் 22-இல் கோகிமா வழி திறந்து முற்றுகை நீங்கியது. இவற்றை அந்நூல் தெளிவுற உரைக்கின்றது. ஆசிரியர் தம் கணிப்பின் பிழைகளையும் மறைத்திலர். இது நூலின் சிறப்பு.

ஆயின் பிரித்தானிய இந்திய அரசு அமைத்த அரண் பிறிதொன்றும் உண்டு. வருவோரை ‘ஜிஃப்’ என்னும் இழிபெயரால் வழங்கியது. 1943 முதல் ‘ஜோஷ்’ குழுக்களை அமைத்துச் சிப்பாய்களின் மனத்தைக் காத்தது. அவ்விராணுவம் பற்றிய செய்தி இதழ்களில் வாராது தடுத்தது. இச்சொல்லரணை ஸ்லிம் ஆராயவில்லை. அவ்விழிபெயரையே தாமும் ஆள்கின்றார். எனினும், சரணடைவோரைப் பரிவுடன் ஏற்குமாறு தம் படைக்கு ஆணையிட நேர்ந்ததென அவரே குறிக்கின்றார். அவ்வரண் எத்துணை வலிதாய் இருந்தது என்பதை இக்குறிப்பால் உய்த்துணரலாம்.

நொச்சியின் பெருமை, காப்போன் தன் மண்ணைக் காத்தலில் உள்ளது. இம்பாலைக் காத்தோருள் பெரும்பாலார் இந்தியரும் கூர்க்கரும் ஆவர். எதிர்வந்தோருள்ளும் இந்தியர் பலர். அவருள் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழரும் உளர். ஜப்பானியரிடமிருந்து நாட்டைக் காப்பதாகவே சிப்பாய் கருதினான் எனின், அதனையும் பொய்யென்றல் பொருந்தாது. இருபாலாரும் ஒரு மண்ணையே தமதென்றனர். ஆதலின் ஸ்லிம் நொச்சியாகப் பாடிய போர் உண்மையில் உழிஞையே. இரு தரப்பும் ஒரு திணைக்கு உரியர்.

1945 நவம்பரில் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், செகல், தில்லான் மூவர்மீதும் வழக்குத் தொடங்கியபோது, மறைத்த செய்தி நாடெங்கும் பரவிற்று. 1946 ஜனவரியில் நாடுகடத்தல் தண்டனையை அரசே நீக்க நேர்ந்தது. இம்பாலில் வீழாத அரசு தில்லியில் பின்வாங்கியது ஏன் என்னும் வினாவிற்கு, சொல்லரணை விடுத்துப் படையரணை மட்டும் கூறும் நூலில் விடை காண்டல் அரிது.