மலை ஜீப்பை எப்படி ரசிப்பது?

கேரளத்தின் இடுக்கி மலையில், வண்டிப்பெரியாரிலிருந்து சத்திரத்துக்கோ பருந்துப்பாறைக்கோ ஏறும் பழைய ஜீப்புகளில், கம்பெனி விட்டபடியே இருக்கும் ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம். இன்ஜின் மாறியிருக்கும், டயர் மாறியிருக்கும், படுதா இருந்த இடத்தில் தகரக் கூரை வந்திருக்கும். பழைய வண்டிப் பிரியர்களில் ஒரு சாரார் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். இன்னொரு சாரார், இதைவிடப் பெரிய டயர் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். இருவருமே வண்டியைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் கட்சி.

ஸ்போர்ட்ஸ் கார் உலகில் இந்த வழக்கு பழசு. பழைய போர்ஷே 911-இல் தொழிற்சாலையில் பூட்டிய அதே இன்ஜின் இருந்தால் விலை ஏறும். அதே 911-ஐ முழுக்கப் பிரித்து, கார்பன் ஃபைபர் உடம்பு பூட்டித் தரும் கலிபோர்னியாவின் சிங்கர் நிறுவனத்துக்கும் பெரும் பணக்காரர்கள் வாடிக்கையாளர்கள். இடுக்கி மலையில் ஆசைக்கும் வேலைக்கும் சேர்த்து ஒரு வண்டி உண்டென்றால் அது ஜீப்தான். ஆகவே ஜீப்பை வைத்தே பேசுவோம்.

முதலில் முகத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப்புகளைச் செய்தன. அந்த ராணுவ வண்டியின் கிரில்லில் ஒன்பது திறப்புகள். ஹெட்லைட் சிறியது, கிரில்லுக்குப் பின்னால் உள்ளடங்கி இருக்கும். பானெட்டைத் திறந்து ஹெட்லைட்டைத் திருப்பிவிட்டால் இரவில் இன்ஜின் மேல் வெளிச்சம் விழும். போர் முடிந்து பொதுமக்களுக்கு வந்த சி.ஜே. வகையில் திறப்புகள் ஏழு, ஹெட்லைட் பெரிது. ராணுவ வண்டியின் பின்பக்கம் திறக்காது. ஸ்டெப்னி அங்கேதான் தொங்கும். சி.ஜே.க்குப் பின்கதவு உண்டு. ஃபோர்டு செய்த வண்டியென்றால் போல்ட் தலைகளில்கூட 'எஃப்' எழுத்து இருக்கும். துருவைச் சுரண்டி அந்த எழுத்தைத் தேடுவதே தனி இன்பம்.

நம் மலையில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இவற்றின் வழிவந்த மஹிந்திரா வண்டிகளைத்தான். 1945-இல் தொடங்கிய அந்தக் கம்பெனி, 1940-களின் கடைசியிலேயே மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்ட ஆரம்பித்துவிட்டது. பின்பு உரிமம் பெற்றுச் செய்த சி.ஜே. 3பி தான் இந்தியர்களுக்கு ஜீப் என்றாலே நினைவுக்கு வரும் வடிவம். அதன் உயரமான பானெட்டை அழகுக்காக யாரும் உயர்த்தவில்லை. போர்க்கால 'கோ டெவில்' இன்ஜினில் வால்வுகள் எல்லாம் பிளாக்கிலேயே இருந்தன. அடுத்து வந்த 'ஹரிக்கேன்' இன்ஜினில் இன்டேக் வால்வுகள் ஹெட்டுக்கு ஏறின. இன்ஜின் உயர்ந்தது, அதை மூட பானெட்டும் உயர்ந்தது. காரணம் தெரிந்தபின் அந்த உயரமே அழகாகத் தெரியும்.

இனி நான் வருந்தும் விஷயம். அந்த உயர்ந்த பானெட்டை வெட்டித் தாழ்த்தி, ஒன்பது திறப்பு கிரில் வைத்து, ஆலிவ் பச்சை அடித்து, வெள்ளை நட்சத்திரம் ஒட்டி, ஓட்டல் வாசல்களில் 'போர்க்கால ஜீப்' என்று நிறுத்துகிறார்கள். ஹரியானாவின் மண்டி டப்வாலி போன்ற ஊர்களில் ஜீப்பைக் கேட்டபடி கட்டித் தருவது ஒரு தொழிலாகவே நடக்கிறது. அந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் எஸ்டேட்டில் கொழுந்து சுமந்த வண்டிக்கு, அது போகாத போரின் வேஷம் போடுவதை ஏற்க முடியவில்லை. ஒரிஜினல் என்ற பெயரில் நடக்கும் மிகப் பெரிய மாற்றம் இதுதான். பழைய மஹிந்திரா ஜீப்புகள் பல இடது பக்க ஸ்டியரிங்கோடு வந்தவை. பின்னால் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று எழுதியிருக்கும். புதுப் பெயிண்ட் அடிக்கும்போது முதலில் காணாமல் போவது அந்த எழுத்து. நட்சத்திரத்தைவிட அது எவ்வளவோ உண்மையான அடையாளம்.

அப்படியானால் மாற்றமே கூடாதா? கூடும். தேனிப் பக்கத்திலிருந்து குமுளி, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் பெண்கள் வேலைக்கு வருவது ஜீப்பில்தான். அவர்கள் ஏறுவதற்காகப் பின்னால் வெல்டு செய்த படி, பிடித்துக்கொள்ள வைத்த குழாய், மழைச்சாரல் அடிக்காமலிருக்கத் தைத்த படுதா எல்லாம் இந்த மலை அந்த வண்டியின்மேல் எழுதியவை. பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றியதும் அப்படியே. பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாத காலத்தில் ஒர்க்‌ஷாப்காரர்கள் பெஜோ டீசலையும் மெட்டடார் வேனின் இன்ஜினையும் இதற்குள் உட்காரவைத்தார்கள். மவுண்டிங்கை எங்கே வைத்தார்கள், ரேடியேட்டருக்கு எப்படி இடம் கண்டார்கள் என்று பானெட்டைத் திறந்து பாருங்கள். வெல்டிங் ஒழுங்காக இருந்தால், சேஸிஸை வெட்டாமல் வேலை முடிந்திருந்தால், அது நல்ல மெக்கானிக்கின் கை. பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபீவாவின் டூரின் சாசனமும், வண்டி தன் வாழ்நாளில் சேர்த்துக்கொண்ட தடயங்களை வரலாறாகவே பார்க்கிறது; பிறந்த நாள் கோலத்துக்கே அதைத் திருப்ப வேண்டும் என்று வற்புறுத்துவதில்லை.

பிரேக் விஷயத்தில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. சி.ஜே. 3பி-யில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், பூஸ்டர் கிடையாது. ஆள் ஏற்றி மலை இறங்கும் வண்டியில், ஒரிஜினலைக் காப்பாற்றுகிறேன் என்று அதை விட்டுவைப்பது தப்பு. பூஸ்டர் வையுங்கள், முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு.

டயரில் நான் எதிர்க்கட்சி. பழைய ஜீப்பின் 16 அங்குல ரிம்மும் ஒல்லி டயரும் சேற்றை அறுத்துக்கொண்டு அடியிலுள்ள கெட்டி மண்ணைப் பிடிக்கும். அகல டயர் போட்டால் ஸ்டியரிங் கனக்கும், கிங்பின்னும் ஆக்சிலும் சீக்கிரம் தேயும். போட்டோவில் நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லாத மாற்றம் அது.

இனிக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பெட்ரோல் ஹரிக்கேன் மெல்லிய குரலில் நிதானமாக ஓடும். டீசல், பாறையில் உளி அடிப்பதுபோல் ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகக் காட்டும். ஏற்றத்துக்கு முன் டிரைவரின் கையைக் கவனியுங்கள். கியர் கம்பியின் பக்கத்தில் இன்னும் இரண்டு சின்னக் கம்பிகள் இருக்கும். ஒன்று முன்சக்கரங்களுக்கும் விசையைத் தரும். மற்றது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். நல்ல டிரைவர் ஏற்றம் தொடங்குமுன்பே ஃபோர் வீல் போட்டுவிடுவார். பாதி வழியில் சக்கரம் சுழன்றபிறகு தடுமாற மாட்டார். இன்ஜின் மாறிய வண்டியிலும் இந்தக் கம்பிகள் சரியாக வேலை செய்தால் ஜீப்பின் உயிர் அங்கே இருக்கிறது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று, கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. 2021-இல் மத்திய அரசு விண்டேஜ் வாகன விதிகளைக் கொண்டுவந்தது. 50 வயது தாண்டி, சேஸிஸ், உடம்பு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றமில்லாத வண்டிக்குத் தனிப் பதிவு கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம், தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. மலை ஜீப்புக்கு இந்த விதி பொருந்தவில்லை என்பது என் எண்ணம். வேலை செய்துகொண்டே கிழடான வண்டிக்கும் அதில் ஒரு இடம் இருக்க வேண்டும்.

வாங்க நினைத்தால் ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். அது ஒட்டாத இடத்தில் பெயிண்டுக்கு அடியில் பட்டி பூசியிருக்கிறது என்று அர்த்தம். மழை ஓயாத இந்த ஊரில் தரைத்தகட்டின் அடிப்பக்கத்தையும் உடம்பு சேஸிஸோடு சேரும் இடங்களையும் குனிந்து பார்க்காமல் விலை பேசாதீர்கள். ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண்ணை வண்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். வாங்கியபின் எதை மாற்றினாலும், எப்போது, எங்கே, ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கழற்றிய பாகங்களைக் காயலான் கடைக்குப் போடாமல் எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றுங்கள். உங்களிடமிருந்து அந்த வண்டியை வாங்கப்போகிறவருக்கு அவை தேவைப்படும்.