சேறு அறிந்த டாங்கி

வேளாங்கண்ணியைச் சுற்றியுள்ள வயல்களில் சம்பா நடவுக்குச் சேறடிக்கும் டிராக்டருக்கு கேஜ் வீல் எனும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுவார்கள். கனமான வண்டியை ஈரநிலம் என்ன பாடு படுத்தும் என்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கணினியில் டாங்கி விளையாட்டை ரசிக்க இதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை.

1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில் இந்தியப் படையினர் கால்வாயை உடைத்து வயல்களில் நீர் பாய்ச்சினார்கள். ஏறக்குறைய 45 டன் எடையுள்ள பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் கரும்புக் கொல்லைகளுக்கிடையே சேற்றில் திணறின. மறைந்திருந்த இந்தியாவின் செஞ்சூரியன், ஷெர்மன் டாங்கிகள் அவற்றைச் சுட்டு வீழ்த்தின. புதிய டாங்கி, பழைய டாங்கி என்ற வித்தியாசமெல்லாம் அந்தச் சேற்றில் எடுபடவில்லை.

இந்தச் சேறு விளையாட்டுக்குள் எவ்வளவு வரவேண்டும்?

2010இல் வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்' விளையாட்டு நிலத்தைக் கெட்டி, நடுத்தரம், மெது என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு டாங்கிக்கும் ஒவ்வொரு நிலத்துக்குமான தடை எண்ணைத் தருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு டாங்கி அதிகம் வென்றாலோ தோற்றாலோ அந்த எண்களிலேயே கைவைக்கிறார்கள். குண்டின் சேதமும் ஒவ்வொரு முறையும் தற்செயலாக 25 சதவீதம் வரை கூடவோ குறையவோ செய்யும். போட்டி சமமாகிறது, வண்டியின் குணம் கரைகிறது.

இன்னொரு விளையாட்டான 'வார் தண்டர்' போன வழி மேலானது. அங்கே உயிர்ப்புள்ளிக் கணக்கு கிடையாது. குண்டு துளைத்து உள்ளே யாரை, எதைத் தாக்கியது என்பதே முடிவு. டி-34 டாங்கி திரும்பும்போது வேகத்தை இழக்கிறது. பி.டி.-76 டாங்கி ஆற்றில் மிதக்கிறது. சமநிலை பெரும்பாலும் எதிராளியைத் தேர்வதில் வருகிறது: தரமதிப்பு ஒத்த வண்டிகளே களத்தில் சந்திக்கின்றன. மெல்லிய கவசமும் 14 டன் எடையும் கொண்ட அதே பி.டி.-76களோடுதான் 1971 நவம்பரில் இந்தியாவின் 45ஆவது கேவல்ரி படைப்பிரிவு, வங்கத்தின் கரீப்பூரில் பாகிஸ்தானின் சாஃபி டாங்கிகளை வென்றது. ஆறும் வாய்க்காலும் நிறைந்த மண்ணுக்கு ஏற்ற வண்டி அது.

விட்டுக்கொடுக்க வேண்டிய இடமும் உண்டு. ஆவடியில் உருவான விஜயந்தா டாங்கியின் லேலண்ட் எல்-60 எஞ்சின் தொல்லைக்குப் பேர்போனது. ஜெர்மனியின் பேந்தர் டாங்கியில் ஃபைனல் டிரைவ் எனும் இறுதிப் பல்சக்கரத் தொகுதி அடிக்கடி உடையும். ஓர் ஆட்டம் முழுக்கப் பழுதான வண்டியில் உட்கார்ந்திருக்க எவருக்கும் பொறுமை இராது. அந்த யதார்த்தத்தைக் கழித்துவிடலாம். நிலத்தின் பிடிமானத்தையும் வண்டியின் எடையையும் மட்டும் கழிக்கவே கூடாது.

ஓட்டும் சுவைக்கு 'ஹெல் லெட் லூஸ்' விளையாட்டு முதலிடம் பெறும். ஓட்டுநர், சுடுபவர், தளபதி என மூவர் ஒரே டாங்கிக்குள். கியரையும் ஓட்டுநரே மாற்ற வேண்டும். நண்பர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு, முதலில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள்.