கணக்கு வாத்தியாரின் கதைகள்

ஜி. நாகராஜன் என்று பேச்செடுத்தால் போதும், நம்மவர்கள் கதையை விட்டுவிட்டு ஆளைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்கள். கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர், கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர், டுட்டோரியல்களில் மாணவர்கள் கொண்டாடிய வாத்தியார், குடியிலும் கஞ்சாவிலும் கரைந்து 1981-இல் மதுரை அரசு மருத்துவமனையில் செத்துப்போனவர். எல்லாம் உண்மைதான். ஆனால் மதுரைத் தெருக்களில் குடித்துவிட்டு விழுந்து கிடந்தவர்கள் ஆயிரம் பேர். அவர்களில் ‘நாளை மற்றுமொரு நாளே’ நாவலை எழுதியவர் ஒருவர்தானே?

எனக்கு அவர் நாவல்களைவிட ஒரு சிறுகதை மேல். ‘டெர்லின் ஷர்ட்டும் எட்டு முழ வேட்டியும் அணிந்த மனிதர்.’ அந்தத் தலைப்புக்கே நான் அடிமை. கதையில் வருகிறவருக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, சட்டையும் வேட்டியும்தான். ஒரு தொழில்காரி வாசலில் நிற்கும் ஆளை எப்படிப் பார்ப்பாளோ அப்படியே வைத்த தலைப்பு அது. அந்தக் காலத்தில் டெர்லின் என்றால் கையில் காசு உள்ளவன்; எட்டு முழம் என்றால் கௌரவமான வீட்டு மனிதர். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் துணியைத்தான் பார்த்திருப்பாள். இதை நூலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. அந்த வீடுகளின் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்தபோது போதையிலும் கண் விழித்திருக்க வேண்டும். நாகராஜனுக்கு இரண்டும் வாய்த்தன.

கதையும் அப்படித்தான். கிராக்கி இல்லாத ஒரு ராத்திரி, ஒரு தொழில்காரி, வந்துபோகும் ஒரு மனிதர். அப்படி ஒருவர் வந்தாரா என்பதே கடைசியில் சந்தேகமாகிவிடுகிறது. வேறொருவர் எழுதியிருந்தால் இந்த இடத்தில் கடவுளைக் கொண்டுவந்திருப்பார், இல்லையென்றால் மனநோயை. நாகராஜன் இரண்டையும் தொடவில்லை. விடையைப் பலகையில் எழுதாமல் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுப் போகிற வாத்தியார் அவர்.

இதைவிடப் புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ கதையைத் தூக்கிப்பிடிக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. புதுமைப்பித்தனை யார் மறுக்கப்போகிறார்கள்? ஆனாலும் அந்தக் கதையின் முடிவில் ஆசிரியர் நம் பக்கம் திரும்பி, கற்பைப் பற்றி ஒரு குத்து குத்துகிறாரே, அது எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும். கதையில் வரும் அம்மாளுவை விட்டுவிட்டு நம்மோடு சண்டைக்கு வந்துவிடுகிறார். ஜெயகாந்தனோ இப்படிப்பட்ட மனிதர்களுக்காக வக்காலத்து வாங்குவார். மேடைப்பேச்சு மாதிரி நன்றாகவே வாதாடுவார். நாகராஜனின் ஆட்களுக்கு வக்கீலும் தேவையில்லை, நீதிபதியும் தேவையில்லை. ‘நாளை மற்றுமொரு நாளே’யில் கந்தன் காலையில் விழிக்கிறான், உடம்பு சாராயம் கேட்கிறது, பக்கத்தில் மீனா இருக்கிறாள். கட்டிய பெண்டாட்டியைத் தொழிலுக்கு விடுகிறவன், அவள்மேல் உண்மையாகவே பிரியமும் வைத்திருக்கிறான். இந்த இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதிவிட்டு, ‘ஆனாலும்’ என்று ஒரு சொல்கூடப் போடாமல் நகர்கிற துணிச்சல் யாருக்கு வரும்? நாவல் முழுக்க ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளுக்குள் அவன் செய்யும் ஈனமும் செய்துவிடும் நல்லதும் ஒரே குரலில் சொல்லப்படுகின்றன.

மனிதனின் இருட்டை எழுதுகிறவர்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, இருட்டைக் கண்டு கிறங்கிப்போவது. இன்னொன்று, முகம் சுளிப்பது. நாகராஜன் இரண்டிலும் சேர மாட்டார். அவருடைய வாக்கியங்கள் சின்னவை, அலங்காரம் இல்லாதவை, நடுநடுவே வறண்ட சிரிப்பு ஒன்று ஓடும். 1963-இல் வந்த ‘குறத்தி முடுக்கு’ முன்னுரையிலேயே சொல்லிவிட்டார்: இதெல்லாம் நடக்கவில்லை என்று வேண்டுமானால் மறுத்துப்பாருங்கள், ஏன் சொன்னாய் என்று மட்டும் கேட்காதீர்கள் என்கிற தோரணையில். விரும்பிய அளவுக்குச் சொல்ல முடியவில்லை என்ற வருத்தம்தான் அவருக்கு. அந்தக் குறுநாவலில் தங்கம் என்ற பெண்ணின்மேல் கதைசொல்லிக்கு வரும் காதல் கொஞ்சம் இளகியதுதான், ஒப்புக்கொள்கிறேன். பதினொரு வருஷம் கழித்து, 1974-இல் கந்தனை எழுதும்போது அந்த இளக்கமும் வற்றிவிட்டது.

தன் கதை என்று ஒரு வரிகூட அவர் அழுததில்லை. எனக்கு அவரிடம் ஆகப் பிடித்தது இதுதான். பட்ட அவமானம், இழந்த வேலை, ஊர் பேசிய பேச்சு எல்லாம் கைவசம் இருந்தும், அனுதாபம் கேட்டு வாசகன் முன்னால் கை நீட்டவில்லை. சொந்த அனுபவத்தை அவர் பார்வைக்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டார்.

நான் படிக்கத் தொடங்கிய காலத்தில் அவர் புத்தகம் கடையில் கிடைக்காது. கையிலிருந்து கைக்குப் போய் மடிப்பு கிழிந்த ஜெராக்ஸ் தாள்களில்தான் கந்தனைச் சந்தித்தேன். இரவல் தந்த நண்பர் திருப்பிக் கேட்டு நச்சரித்த நச்சரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு காலச்சுவடு அவருடைய படைப்புகளை மொத்தமாகத் தொகுத்துக் கொண்டுவந்தது. ‘நாளை மற்றுமொரு நாளே’ ஆங்கிலத்தில் பென்குயின் வழியாகவும் போனது. இன்றைக்குக் கிடைப்பதில் குறையில்லை. குறை வேறு இடத்தில். நாலு கெட்டவார்த்தை, ஒரு டாஸ்மாக், ஒரு லாட்ஜ் அறை. இவற்றைப் போட்டுவிட்டால் விளிம்புநிலை எழுத்து என்று பின்னட்டையில் அச்சடித்துவிடுகிறார்கள். அப்படி எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த லாட்ஜ் அறையின் வாடகை எவ்வளவு என்றுகூடத் தெரியாது. கந்தன் சட்டைப்பையில் காலையில் எவ்வளவு காசு இருந்தது என்பது நாகராஜனுக்குத் தெரியும். கணக்கு வாத்தியார் அல்லவா!

அவர் எழுதியது மொத்தத்தில் ரொம்பக் கொஞ்சம். இரண்டு நாவல், சில சிறுகதைகள், பெரும்பாலும் அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அவரைப் பற்றிய நினைவுக் குறிப்புகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுந்தர ராமசாமியுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முதலில் டெர்லின் ஷர்ட்டைப் படித்துவிட்டு வாருங்கள்.