அம்மாவுக்குத் தெரிந்தது கேஸ் ஷீட்டில் இல்லை

பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்கு ஒரு டாக்டர் போதாது. நரம்பு, எலும்பு, கண், காது, பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி என்று கட்டடம் கட்டடமாக ஏறி இறங்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் அம்மாக்களைப் பெரிய அரசு மருத்துவமனைகளில் பார்க்கலாம்.

அந்த அலைச்சலைக் குறைக்க வந்தவைதான் மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்கள். மத்திய அரசு 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பகுதி இவை. நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் பார்த்து அனுப்பும் குழந்தைகளுக்கு, வேண்டிய நிபுணர்கள் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடு, சந்தேகமே இல்லை. "சில பிள்ளைங்க லேட்டாத்தான் நடக்கும்" என்று உறவினர் சொல்லும் ஆறுதலில் வீணாகும் மாதங்களை இது மிச்சப்படுத்துகிறது. தசை இறுகி மூட்டு மடங்கிப்போவதற்கு முன் கிடைக்கிற பயிற்சிக்கு ஈடு கிடையாது.

குறை எங்கே என்றால், மையம் பகல் நேர ஓ.பி. மனநிலையில் நின்றுவிடுகிறது. அதே குழந்தை இரவில் நெஞ்சுச் சளியோடு வார்டில் சேரும்போது, மையத்துக்குத் தெரிந்த எதுவும் கட்டிலுக்கு வந்து சேர்வதில்லை.

இந்தக் குழந்தைகளில் பலருக்கு விழுங்குவதே சிரமம். தலையைச் சற்று முன்னால் சாய்த்து, நிமிர்த்தி உட்காரவைத்து, கெட்டியான கூழைச் சின்னக் கரண்டியால் ஊட்டினால் இறங்கும். வார்டிலோ படுத்த வாக்கில் பால் புகட்டச் சொல்கிறார்கள். புரையேறுகிறது, பால் நுரையீரலுக்குள் போகிறது, எந்த நோய்க்காகச் சேர்த்தோமோ அதுவே முற்றுகிறது. குளுக்கோஸ் ஏற்றும் ஊசியை, குழந்தை சுட்டிக்காட்டப் பயன்படுத்தும் ஒரே கையில் குத்தி அட்டை வைத்துக் கட்டிவிடுகிறார்கள். பேசாத குழந்தைக்கு அதுதான் வாய். ஸ்கேனுக்காக வெறும் வயிற்றில் வைக்கும் நாளில் வலிப்பு மருந்தும் சேர்ந்து நின்றுபோகிறது. அன்று மாலையே வலிப்பு வந்தால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? நிற்க முடியாத பிள்ளையின் எடையைக் கண்ணால் மதிப்பிட்டு மருந்து எழுதுவதும் நடக்கிறது. அம்மாவைத் தனியாகவும் பிள்ளையோடும் எடை பார்த்துக் கழித்தால் முடிகிற வேலை அது.

வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேசாத குழந்தையின் முகம், கால், அழுகை, உடலசைவு ஆகியவற்றைப் பார்த்து மதிப்பெண் போடும் அளவுகோல் ஒன்று உண்டு. அதைத் திருத்தியவர்கள், அந்தப் பிள்ளைக்கே உரிய வலி அடையாளங்களைப் பெற்றோரிடம் கேட்டுச் சேர்க்க இடம் வைத்தார்கள். வலித்தால் சிரிக்கிற பிள்ளையும் உண்டு. அது அம்மாவுக்குத்தான் தெரியும்.

இன்னொரு குறை, இடுப்பு மூட்டைக் கண்காணிக்காதது. பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல நழுவுகிறது. தொடக்கத்தில் வலிக்காது. தெற்கு ஸ்வீடனில் 1994 முதல் இந்தக் குழந்தைகளைப் பதிவு செய்து, குறித்த இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். மூட்டு முழுதாக விலகுவது மிக அரிதாகிவிட்டது. இங்கே பெரும்பாலும், துணி மாற்றக் காலை விரிக்க முடியவில்லை என்று அம்மா வந்து சொன்ன பிறகுதான் படம் எடுக்கிறோம். அதற்குள் பெரிய அறுவை சிகிச்சைக்கு வந்துவிடுகிறது. எக்ஸ்ரே கருவி இல்லாத மாவட்டத் தலைமை மருத்துவமனை ஏது? இல்லாதது தேதி போட்டுக் கூப்பிடும் பழக்கம்.

தூரமும் ஒரு சிக்கல்தான். பயிற்சிக்கு வரும் நாளெல்லாம் ஒரு நாள் கூலி போகும். தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் பயிற்சி பெற்ற பணியாளர்களை வீட்டுக்கே அனுப்புகிறது. அரசு மையங்கள் அந்த வழியைப் படிக்கலாம். செலவுக்கு, தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. பல குடும்பங்களுக்கு அந்தப் பெயரே தெரியாது.

வார்டு டாக்டர்களிடம் கேட்பது சிறிய விஷயம். 'கூட இருப்பவர்: தாய்' என்று எழுதிவிட்டு நகராதீர்கள். எப்படிச் சாப்பிடும், எந்தக் கை பேசும், வலித்தால் என்ன செய்யும், வலிப்பு மருந்து எத்தனை மணிக்கு என்று அவரிடம் கேட்டு, கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இரவுப் பணிக்கு வரும் நர்ஸ் அதைப் படிக்கட்டும்.