புறொவோக் சஞ்சிகையும் மெய்ப்பாட்டின் இடமும்

புகைப்படமொன்றில் உணர்ச்சி உறையுமிடம் யாது? படத்திற் காணப்படும் மாந்தரின் முகத்திலும் மெய்யிலுமா, படம்பிடித்தவனின் கண்ணிலும் கையிலுமா, அன்றிப் பார்ப்போனின் உள்ளத்திலா? தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைப் பேராசிரியர் உரையோடு பயின்றோர்க்கு இவ்வினா முற்றிலும் புதியதன்று. சுவைக்கப்படும் பொருள், அதனை நுகர்ந்த பொறியுணர்வு, அதனால் உள்ளத்து எழுங் குறிப்பு, பின் உடம்பின்கண் வெளிப்படும் சத்துவம் என உணர்ச்சியின் செலவை அவர் நான்காகப் பகுத்துக் காட்டுவர். செய்யுளையும் நாடகத்தையும் கருதிச் செய்யப்பட்ட இப்பகுப்பு, யப்பானில் 1968 இலும் 1969 இலும் மூன்றே இதழ்கள் வெளிவந்து நின்றுபோன ‘புறொவோக்’ என்னும் புகைப்படச் சஞ்சிகையை மதிப்பிடுதற்கும் துணைபுரிகின்றது என்பது எமது துணிபு.

முதலிதழ் 1968 நவம்பரிலும், இரண்டாவது 1969 மார்ச்சிலும், மூன்றாவது அவ்வாண்டு ஓகஸ்டிலும் வெளிவந்தன. இடதுசாரிச் சார்புடைய மாதச் சஞ்சிகையொன்றில் ஆசிரியப் பணி புரிந்த நகஹிரா தகுமா, கலை விமரிசகரான தகி கோஜி, புகைப்படக் கலைஞர் தகனாஷி யுதகா, கவிஞரும் விமரிசகருமான ஒகடா தகஹிகோ ஆகிய நால்வர் இதனைத் தொடங்கினர். மொரியாமா டைடோ இரண்டாம் இதழிற் சேர்ந்துகொண்டார். வணிகப் புகைப்படச் சஞ்சிகைகள் பெருவழக்காயிருந்த நாட்டில், ஏறத்தாழ 1,000 பிரதிகளே அச்சிட்டுத் தம் பொறுப்பில் வெளியிட்ட முயற்சி இது. சிந்தனையைக் கிளறுதற்கான சான்றுகள் என்னும் பொருள்பட அமைந்தது அதன் துணைத்தலைப்பு. படம் தானே கருத்தாகிவிடாது. ஆயினும் மொழி பற்றமுடியாத யதார்த்தத்தின் துண்டொன்றை அது பெயர்த்தெடுத்து, தேய்ந்துபோன மொழியைச் சீண்டவல்லது என்பதே அவர்களது தொடக்கப் பிரகடனத்தின் சாரமாகும்.

இதன் புதுமையை உணர்தற்கு முந்திய தலைமுறையின் யதார்த்தவாதத்தை நோக்குதல் வேண்டும். 1950களில் அதற்குத் தலைமை தாங்கியவர் டொமொன் கென். எதனையும் புனைந்து அமைக்காது உள்ளதை உள்ளவாறு பிடித்தலே அவர் கொள்கை. சிக்குஹோ நிலக்கரிப் பிரதேசத்தின் வறிய பிள்ளைகளைப் பற்றிய நூலை, யாவரும் வாங்கும்பொருட்டு, மட்டரகத் தாளில் அச்சிட்டு 100 யென் விலைக்கு 1960 இல் அவர் வெளியிட்டமை என்றும் போற்றத்தக்கது. அப்படங்களில் உணர்ச்சி சத்துவமாக நிற்கின்றது. பிள்ளையின் கண்ணும் கன்னமும் தோளும் அழுகையையும் இளிவரலையும் தாமே காட்டுகின்றன. புகைப்படக் கருவி அதற்குச் சாட்சி, அவ்வளவே.

புறொவோக் இவ்வொழுங்கைத் தலைகீழாக்கிற்று. அதன் பக்கங்களில் முகங்கள் இருளில் அமிழ்கின்றன, தெருக்கள் சரிகின்றன, வெளிச்சம் வெண்புண்போற் பரவுகின்றது. மணிமணியாகத் தெரியும் கரடுமுரடு, கையசைவின் கலக்கம், குவியப் பிசகு என்னும் மூன்றையும் சேர்த்து ‘அரே, புரே, பொகே’ என யப்பானியர் வழங்குவர். பார்வைத்துளையிற் கண்வைத்துச் சட்டகம் அமையாமலே படம்பிடித்தனர். படச்சுருளை அளவுமீறிக் கழுவிக் கறுப்பையும் வெண்மையையும் முரணச் செய்தனர். அமெரிக்கரான வில்லியம் கிளைன் 1956 இல் வெளியிட்ட நியூயோர்க் நூலுக்கு இவர்கள் கடன்பட்டவர்கள். ஆனால், கிளைனின் படங்களிற்கூட மனிதர் எம்மை நோக்கிச் சிரிப்பர், முறைப்பர். புறொவோக்கிலோ சத்துவம் காட்டும் மெய்யே மறைகின்றது. எஞ்சுவது பொறியுணர்வு, உலகம் கண்ணில் மோதிய அக்கணத்தின் அதிர்ச்சி. பேராசிரியர் வரிசையிற் கூறுவதாயின், குறிப்பாக முதிர்வதற்கு முன்னரே நிறுத்தப்பட்ட உணர்ச்சி எனலாம்.

இதனைத் தனிமனிதவாதம் என்றும் உருவவாதம் என்றும் தள்ளிவிடுதல் எளிது. அவ்வாறு தள்ளுவோர் காலப்பின்னணியை மறந்தவராவர். 1960 இல் அமெரிக்க-யப்பான் பாதுகாப்பு உடன்படிக்கையை எதிர்த்து எழுந்த பேரியக்கம் தோல்வியுற்றது. 1970 இல் அவ்வுடன்படிக்கை நீடிக்கப்பட இருந்தது. ஒக்கினாவாத் தளங்கள் வியட்னாம் யுத்தத்திற்குப் பயன்பட்டன. 1969 ஜனவரியில் தோக்கியோப் பல்கலைக்கழகத்தின் யசுதா மண்டபத்தைப் பொலிசார் மாணவரிடமிருந்து கைப்பற்றினர். அவ்வாண்டு அப்பல்கலைக்கழக நுழைவுத் தேர்வே நடைபெறவில்லை. இத்தகைய சூழலிற் செய்தித்தாளின் தெளிந்த படம் யார் பக்கம் நின்றது என்னும் ஐயம் நியாயமானதே. தெளிவு என்பதே ஆள்வோரின் மொழியாகிவிட்டது என நகஹிரா குழுவினர் கருதினர். அவர்களது கலக்கம் அரசியலைத் துறந்தமையாற் பிறந்ததன்று. அரசியல் மொழி செயலிழந்தமையாற் பிறந்தது.

ஆயினும் மூன்றிதழ்களும் ஒருதரத்தன அல்ல. ‘ஈரோஸ்’ என்னும் பொருளில் அமைந்த இரண்டாம் இதழை நலிந்ததெனவே கொள்கின்றோம். விடுதி அறையில் மொரியாமா எடுத்த பெண்ணுடற் படங்களில் அதிர்ச்சியுறும் கண் ஒன்றே உண்டு. பார்க்கப்படுபவளின் உணர்வுக்கு இடமேயில்லை. டொமொன் கென்னின் பிள்ளைகள் பெற்ற நீதியை அவள் பெறவில்லை. மாறாக, மூன்றாம் இதழில் அதே மொரியாமா பேரங்காடியின் தட்டுகளில் அடுக்கிய தகரப்பேணிப் பண்டங்களைப் பிடித்தவை வியப்பூட்டுவன. மனிதரே இல்லாத அப்படங்களில் நுகர்பண்ட உலகின் அச்சம், மருட்கையோடு கலந்து நிற்கின்றது. சுவைக்கப்படும் பொருள் என்னும் தொடர் இங்கு நேர்பொருளிலும் பொருந்திவிடுதல் ஒரு வேடிக்கை.

இச்சஞ்சிகையின் உண்மையான சோதனை, அது நின்றுபோன பின்னரே நேர்ந்தது. 1970 இல் குழுவினர் தம் இறுதி நூலை வெளியிட்டுப் பிரிந்தனர். அவ்வாண்டே யப்பானிய தேசிய புகையிரத நிறுவனம் ‘டிஸ்கவர் யப்பான்’ எனும் உல்லாசப் பயண விளம்பர இயக்கத்தைத் தொடங்கி, கலங்கிய படங்களைச் சுவரொட்டிகளிற் பயன்படுத்திற்று. நேற்றுவரை ஆள்வோரின் தெளிவைக் குலைத்த கலக்கம், இன்று ஊர்ப்புறத்து ஏக்கத்தை விற்கும் அலங்காரமாயிற்று! நகஹிரா இதனைக் கடுமையாக விமரிசித்தார். பொருளினின்று பிரிக்கப்பட்ட பொறியுணர்வு, எப்பண்டத்தின்மீதும் ஒட்டத்தக்க வெறுஞ் சாயமாகிவிடும் என்பது இதனாற் புலனாகின்றது. யதார்த்தவாதிகள் சுட்டியிருக்கவேண்டிய குறை இதுவே. உருவவாதம் என்னும் வசைச்சொல் இதனைத் தொடவேயில்லை.

நகஹிரா விளம்பரகாரரை மட்டும் சாடி அமையவில்லை. தம்மையும் விசாரித்தார். 1973 இல் வெளியான கட்டுரைத் தொகுதிக்கு, ‘ஏன் தாவரப் படஅகராதி?’ எனத் தலைப்பிட்டார். தமது இரவுகளும் அந்திகளும் உலகின்மீது தாம் போர்த்திய கவித்துவப் போர்வைகளே என்றும், இருட்டறையிற் படியும் கைத்தடத்தையும் நீக்கவேண்டுமென்றும் வாதித்து, பகலொளியில் நிறப்படங்களை நாடினார். படஅகராதியில் ஓரிலை மற்றோரிலையினும் உயர்ந்ததன்று. எதுவும் எம் துயரத்திற்குக் குறியீடாவதுமன்று. தம் பழைய படச்சுருள்களிற் பெரும்பகுதியை அவ்வாண்டளவில் அவர் எரித்தார். இம்முடிவை நாம் முழுதும் ஏற்கவில்லை. உணர்ச்சியை அகற்றிய பார்வை என ஒன்று உண்டாயின் அது கருவிக்கே உரியது. அதனைக் கருவி உற்பத்தியாளரிடம் விட்டுவிடலாம். எனினும், தன் வெற்றிமுறையையே இவ்வாறு விசாரித்த கலைஞர் அருமை. 1977 இல் மதுநஞ்சினால் நினைவும் மொழியும் குலைந்த பின்னரும் அவர் படம்பிடித்தலைக் கைவிடவில்லை. 2015 இல் மறைந்தார்.

2016 முதல் வியன்னா, பாரிஸ், சிக்காகோ முதலிய நகரங்களிற் புறொவோக் பற்றிய பெருங்கண்காட்சி நடைபெற்றது. 2018 இல் மூன்றிதழ்களும் மூலவடிவில் மறுபதிப்பாயின. கண்காட்சிச் சுவரில் தனித்தனியே தொங்கும் படத்தினும் மறுபதிப்பே ஆராய்ச்சியாளர்க்கு உகந்தது. அதில் ஒகடாவின் கவிதையும் தகியின் கட்டுரையும் படங்களுக்கு அருகிலேயே கிடக்கின்றன. மொழியைச் சீண்ட எழுந்த படம், எம்மொழியைச் சீண்டிற்று என்பதை அங்கேதான் பார்க்கமுடிகின்றது.